வேலிக்குள் கிராமம்: கிளர்ச்சிப் போர்களில் பொதுமக்களைப் பெயர்த்து அடைத்த உத்தியின் வரலாறு

மலாயாவின் காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை, 1950ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் நிர்வாகம் பெயர்த்தெடுத்து, முள்வேலி சூழ்ந்த சுமார் 480 புதுக் கிராமங்களில் குடிவைத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். ரப்பர்த் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் ஆங்காங்கே இருந்த தொழிலாளர் குடியிருப்புகளும் ஒன்றாகத் திரட்டப்பட்டு வேலிக்குள் வந்தன. அந்தத் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். மக்கள்தொகை ஐம்பது லட்சத்தை ஒட்டியிருந்த ஒரு நாட்டில் இது சிறிய இடமாற்றமல்ல. ஆயினும் ராணுவ வரலாற்று நூல்களில் இந்நிகழ்வுக்குக் கிடைத்திருக்கும் பெயர் வெற்றி. மக்களின் மனங்களை வென்றதால் கிளர்ச்சி தோற்றது என்பது அந்நூல்கள் சொல்லும் விளக்கம்.

இந்த விளக்கம் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மலாயாவில் முதலில் கைப்பற்றப்பட்டது மனம் அன்று, அரிசி. அரிசியோடு நிலமும் கூலியும் வாக்குரிமையும் பின்னர் வந்து சேர்ந்ததால்தான் வேலி நிலைத்தது. அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு வேலியை மட்டும் பிற நாடுகளுக்கு எடுத்துச் சென்றவர்கள் தோற்றார்கள், அல்லது தலைமுறைக்கும் ஆறாத வடுவை விட்டுச் சென்றார்கள்.

மலாயா இந்த உத்தியின் பிறப்பிடம் அல்ல. கியூபாவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்க 1896இல் அனுப்பப்பட்ட தளபதி வலேரியானோ வெய்லர், நாட்டுப்புற மக்கள் அனைவரும் படைகள் காவல் காக்கும் நகரங்களுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டார். வயல்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. நகரங்களில் அடைபட்டவர்களுக்கு உணவுக்கோ மருத்துவத்துக்கோ ஏற்பாடு இல்லை. பசியாலும் நோயாலும் இறந்தோர் ஒரு லட்சத்துக்குக் குறையார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்த அமெரிக்கா, ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் ஜெனரல் ஃபிராங்க்லின் பெல்லின் ஆணைப்படி அதையே செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை போயர் பண்ணைகளை எரித்துப் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. அங்கே ஏறத்தாழ 28,000 போயர்கள் இறந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் சிறுவர், சிறுமியர்.

கிளர்ச்சிப் போரில் பொதுமக்களின் நிலை பற்றிய நவீன ஆய்வு தென்னாப்பிரிக்க முகாம்களில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். எமிலி ஹோப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண் 1901 ஜனவரியில் புளூம்ஃபொன்டைன் முகாமுக்குச் சென்று கூடாரம் கூடாரமாக நுழைந்தார். எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை குழந்தைகள் இறந்தன என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு அவர் எழுதிய அறிக்கை லண்டனில் எழுப்பிய புயலால் மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் அரசே ஒரு பெண்கள் குழுவை அனுப்ப வேண்டியதாயிற்று. குழுவின் பரிந்துரைகளும் பெரும்பாலும் ஹோப்ஹவுஸ் சொன்னவற்றையே உறுதிப்படுத்தின. ஆனால் கறுப்பின மக்களுக்கென்று தனியே இருந்த முகாம்களுக்குள் இவர்களில் யாருடைய ஆய்வும் செல்லவில்லை. அங்கே பதிவான சாவுகள் மட்டுமே 14,000க்கு மேல். உண்மை எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியிருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. யாரைப் பார்க்கச் செல்கிறோம் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கும்போதே யார் காணாமற்போவார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. மலாயா ஆய்வுகளில் தோட்டத் தமிழருக்கு நேர்ந்ததும் இதுவே.

காடும் தோட்டமும்

மலாயாவில் அவசரகாலம் 1948 ஜூனில் பிறந்தது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஓரிரு நாட்களில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இந்தச் சூட்டிலிருந்து கதையைத் தொடங்குவது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். தோட்டத்திலிருந்து பார்த்தால் கதை இரண்டாண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதையில் உறவுகளைப் பறிகொடுத்துத் திரும்பிய தொழிலாளர்கள், போருக்குப் பின் பழைய கூலிக்கும் பழைய அதட்டலுக்கும் பணியத் தயாராக இல்லை. கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தது. 1947இல் வேலைநிறுத்தங்கள் பரவின. தொழிற்சங்கங்களின் அனைத்து மலாயாக் கூட்டமைப்பில் சீனரும் தமிழரும் ஒரே மேடையில் இருந்தார்கள். அதன் தலைவர் தஞ்சை மாவட்டத்தின் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி.

அரசின் முதல் அடி சங்கத்தின்மீது விழுந்தது. 1948இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டமைப்பு இயங்க முடியாமல் போயிற்று. கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு விடுத்த வேண்டுகோளும் அவரைக் காக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். தோட்டத் தமிழர் பெருமளவில் காட்டுக்குள் போகவில்லை என்பதை விசுவாசத்துக்குச் சான்றாக அக்கால அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். சங்கம் தடைப்பட்டு, தலைவர்கள் சிறையிலோ தூக்குமேடையிலோ நாடு கடத்தலிலோ முடிந்த பிறகு மிஞ்சிய மௌனத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது ஆய்வாகாது. வேலை, குடியிருப்பு, ரேஷன் மூன்றும் ஒரே துரையின் கையில் இருந்தவர்களுக்குத் தெரிவு என்று என்ன இருந்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சீனக் குடியேறிகளின் நிலை வேறு. உலகப் பொருளாதார மந்தத்தின்போதும் ஜப்பானியர் ஆட்சியிலும் பிழைப்புத் தேடிக் காட்டோரத்தில் பட்டா இல்லாத நிலத்தில் குடியேறியவர்கள் அவர்கள். மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டு, பன்றி வளர்த்து வாழ்ந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போட்டவர்களும் அவர்களே. 1948க்குப் பிறகு அந்த உறவு ‘மின் யுவென்’ என்ற மக்கள் வலையமைப்பாக உருக்கொண்டது. அரிசி, மருந்து, சந்தாப் பணம், தகவல் ஆகியவை அதன் வழியாகக் காட்டுக்குள் போயின. விருப்பத்தோடு கொடுத்தவர் உண்டு; மகனோ தம்பியோ உள்ளே இருந்ததால் கொடுத்தவர் உண்டு; கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்று அறிந்து கொடுத்தவரும் உண்டு. ஒரே வீட்டில் மூன்று காரணங்களும் இருந்திருக்கக் கூடும். அரசோ தொடக்கத்தில் இவர்கள் அனைவரையும் எதிரியின் ஆட்கள் என்றே நடத்தியது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைக் கொன்றனர். 1949 தொடக்கத்தில் வந்த ஒழுங்குவிதி ஒரு பகுதியில் வாழ்ந்த அனைவரையும் மொத்தமாகப் பிடித்து அடைக்கவும் நாடு கடத்தவும் அதிகாரம் தந்தது. இந்தக் காலத்தில் கிளர்ச்சி தேயவில்லை, வளர்ந்தது.

1950இல் செயல்பாடுகளின் இயக்குநராக வந்த ஹேரல்ட் பிரிக்ஸ் கணக்கை மாற்றினார். காட்டுக்குள் கெரில்லாவைத் துரத்துவது வீண். அவர் காட்டைவிட்டு வெளியே கை நீட்டும் இடத்தை அடைத்தால் போதும் என்றார். அந்த இடம் கிராமம். லாரிகள் விடியலில் வந்தன. கொண்டுபோக முடிந்ததை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். குடிசைகள் எரிக்கப்பட்டன. புதிய இடத்தில் வேலி, வாயில், காவல் கூண்டு, இரவில் ஊரடங்கு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை. பால்வெட்டப் போகும் தொழிலாளர்கள் அதிகாலையில் வாயிலில் வரிசையாக நின்று சோதனைக்கு உட்பட வேண்டும், பெண்களும்கூட. வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. கடைக்காரர் டப்பா உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும்; அப்போதுதான் அதைச் சேமித்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் அரிசியாகத் தராமல் பொது அடுக்களையில் சமைத்த சோறாகவே தந்தார்கள். வெப்ப நாட்டில் சமைத்த சோறு மறுநாள் தாங்காது என்பது இங்கே போர் உத்தியாகியது.

தோட்டத்தில் இந்த ஆணைகளின் எடை தனி. இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு)ப் போய், உச்சிப் பொழுதுவரை நிரையில் மரத்துக்கு மரம் நடப்பவருக்கு, கையில் கட்டிச் செல்லும் சோறுதான் நடு உணவு. அதற்கு வந்த தடை கெரில்லாவைப் பட்டினி போட்டதற்கு முன் தொழிலாளியைப் பட்டினி போட்டது. எதிர்ப்பக்கத்தின் செயல்களும் இவர்கள் தலையில்தான் விடிந்தன. முதலாளிக்கு இழப்பு ஏற்படுத்துவதாக எண்ணிக் கெரில்லாக்கள் ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தபோது கூலியை இழந்தவர் பால்வெட்டுபவர். அடையாள அட்டைகளைப் பறித்துக் கிழித்தபோது மறுநாள் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டவரும் அவரே. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமை 1951 அக்டோபரில் எடுத்த தீர்மானங்களில் இத்தகைய செயல்களைக் கைவிடச் சொன்னது இதனால்தான். மக்கள் தங்களைவிட்டு விலகுகிறார்கள் என்று கட்சியே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

உயர் ஆணையராக ஜெரால்ட் டெம்ப்ளர் மலாயாவுக்கு வந்தது 1952 பிப்ரவரியில். இந்தத் தேதி முக்கியமானது. புதுக் கிராமங்களில் பெரும்பாலானவை அதற்குள் எழுந்துவிட்டன. கட்சியின் பின்வாங்கல் தீர்மானமும் அதற்கு முன்பே வந்துவிட்டது. வரலாற்றாசிரியர் கார்ல் ஹேக் இந்தக் கால வரிசையைக் கொண்டே, கிளர்ச்சியின் முதுகெலும்பு 1950க்கும் 1952க்கும் இடையே மக்களைக் கட்டுப்படுத்தியதால் முறிந்தது என்று வாதிடுகிறார். மனங்களை வெல்வது பற்றிப் பேசிப் புகழ்பெற்ற டெம்ப்ளர், பதவியேற்றதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று தஞ்சோங் மாலிம் ஊரைத் தண்டித்தது. அருகில் நடந்த பதுங்கித் தாக்குதலில் அதிகாரிகளும் காவலர்களுமாகப் பன்னிருவர் இறந்ததற்காக, ஊருக்கு நாளில் 22 மணி நேர ஊரடங்கு. அரிசி ரேஷன் குறைப்பு. பின்னர் வீட்டுக்கு வீடு வினாத்தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயரில்லாமல் எழுதி மூடிய பெட்டியில் போடச் சொன்னார்கள். பசித்த ஊரில் நடத்தப்பட்ட அந்தக் கணக்கெடுப்பும் கிளர்ச்சி ஆய்வின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்தான்.

ஆனால் மலாயாவில் வேலி மட்டும் இருக்கவில்லை. கொரியப் போரால் ரப்பர், ஈய விலைகள் உச்சத்துக்குப் போயின. அரசின் கையில் பணம் இருந்தது. தொழிலாளிக்கும் கூலி கூடியது. பட்டாவே இல்லாதிருந்த குடியேறிகளில் பலருக்கு முதன்முறையாக மனைக்கு உரிமை கிடைத்தது. 1949இல் தொடங்கிய மலாயா சீனர் சங்கம் லாட்டரி நடத்தித் திரட்டிய பணத்தில் புதுக் கிராமங்களுக்கு உதவியது. குடியுரிமை விதிகள் தளர்ந்தன. 1955இல் தேர்தல், 1957 ஆகஸ்ட் 31இல் விடுதலை. வெள்ளையரை வெளியேற்றப் போராடுவதாகச் சொன்ன இயக்கத்துக்கு விடுதலைக்குப் பின் சொல்வதற்கு அதிகம் மிஞ்சவில்லை. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் நீங்கியபோது, கெரில்லாக்களில் 6,700க்கு மேற்பட்டோரும் பாதுகாப்புப் படையினரில் 1,800க்கு மேற்பட்டோரும் இறந்திருந்தனர். பொதுமக்களில் கொல்லப்பட்டோர் சுமார் 2,500; காணாமற்போனோர் 800க்கு மேல்.

பயணம் செய்த பாடம்

மலாயாவின் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் தாம்ப்சன் 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சைகோனுக்குப் போனார். மறு ஆண்டே தென் வியட்நாமில் வியூகக் குக்கிராமத் திட்டம் தொடங்கியது. 1962 மார்ச்சில் பென் காட் பகுதியில் நடந்த முதல் நடவடிக்கையில் 70 குடும்பங்கள் இசைந்து வந்தன. 135 குடும்பங்கள் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டன. வந்த கூட்டத்தில் உடல் வலுவுள்ள ஆண்கள் மிகக் குறைவு. மலாயாவில் பெயர்க்கப்பட்டவர் சொந்த நிலமற்ற குடியேறி. வியட்நாமில் பெயர்க்கப்பட்டவர் தலைமுறைகளாக முன்னோர் கல்லறைகளைப் பேணிவந்த உழவர். அங்கே நிலம் கிடைத்தது, இங்கே நிலம் போனது. வேலியும் அகழியும் அமைக்க உழவர்கள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்ததையும் அதனால் எழுந்த கசப்பையும் ஜெரால்ட் ஹிக்கியும் ஜான் டோனலும் அதே 1962இல் ராண்ட் நிறுவனத்துக்காகக் களத்தில் கேட்டு எழுதினார்கள். அதிபர் தியெமின் தம்பி நூவுக்கோ குக்கிராமங்களின் எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. திட்டத்தை மேற்பார்த்தவர்களில் ஒருவரான கர்னல் ஃபாம் நொக் தாவ், கம்யூனிஸ்ட் தரப்பின் உளவாளி. 1963 நவம்பரில் தியெமின் ஆட்சி கவிழ்ந்ததும் திட்டமும் சரிந்தது.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரை மறுகுடியமர்வு மையங்களுக்குப் பெயர்த்தது. அங்கு நிலவிய பசியையும் குழந்தைச் சாவுகளையும் இளம் அதிகாரி மிஷேல் ரோக்கார் 1959இல் அறிக்கையாக்கினார். அது பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பியேர் பூர்தியூவும் அப்தெல்மலேக் சயாதும் இம்மையங்களில் செய்த களஆய்வு 1964இல் நூலானது. நிலத்தையும் பருவத்தையும் சார்ந்திருந்த உழவரின் வாழ்க்கை ஒழுங்கே வேரோடு அறுபட்டதை அது காட்டியது. கென்யாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகூயூ மக்கள் 1954–55இல் அடைக்கப்பட்டனர். இது பற்றிய காலனி ஆட்சியின் கோப்புகளில் ஆயிரக்கணக்கானவை ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது 2011இல்தான் வெளியானது. அதுவும் சித்திரவதைக்கு உள்ளான கென்ய முதியவர்கள் வழக்குத் தொடுத்ததால். 2013இல் பிரிட்டிஷ் அரசு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

மிசோ மலைகள்

சுதந்திர இந்தியாவும் இந்த வரிசையில் உண்டு என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. 1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி வந்த பஞ்சத்தை அரசு அலட்சியப்படுத்தியதில் வளர்ந்தது மிசோ தேசிய முன்னணி. 1966 மார்ச் 1 அன்று அது விடுதலைப் பிரகடனம் செய்தது. நான்கு நாட்களில் இந்திய விமானப் படை ஐசால் நகர்மீது தாக்குதல் நடத்தியது. 1967 தொடக்கத்தில் கிராமங்களைத் தொகுக்கும் வேலை ஆரம்பமானது. சில்சாரிலிருந்து ஐசால் வழியாக லுங்லே செல்லும் சாலையோரத்தில் முதல் மையங்கள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் 764 கிராமங்களில் 516 காலிசெய்யப்பட்டு, 110 மையங்களுக்குள் மக்கள் திணிக்கப்பட்டார்கள். “பாதுகாக்கப்பட்ட முற்போக்குக் கிராமங்கள்” என்பது அரசு சூட்டிய பெயர். மலைச்சரிவில் காடெரித்து விதைக்கும் ஜூம் வேளாண்மைக்கு, வயலுக்கு அருகே குடியிருப்பது அடிப்படைத் தேவை. விடிந்தபின் வாயில் திறந்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியவர்களால் தொலைதூர வயலைப் பேண முடியவில்லை. தன்னிறைவாக இருந்த கிராமங்கள் ரேஷனுக்குக் கையேந்தின.

மிசோ மலைகளில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி விஜேந்திர சிங் ஜஃபா பிற்காலத்தில் எழுதியவற்றில், கிராமத்தார் தாமே விரும்பி இடம்பெயர்ந்ததாக அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டதைப் பதிவுசெய்திருக்கிறார். ஆவணக் காப்பகத்தில் ஒப்புதல் கடிதத்தைக் காணும் ஆய்வாளர், அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று கேட்காமல் அடிக்குறிப்பில் சேர்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1970இல் குவாஹாட்டி உயர்நீதிமன்றம் தலையிட்டதால் இறுதிக் கட்டத் தொகுப்பு நின்றது. 1986 ஜூன் 30இல் அமைதி உடன்பாடு வந்தபோது அதைக் கொண்டுவந்தது வேலி அன்று, பேச்சுவார்த்தையும் மாநிலத் தகுதியும். தொகுப்பின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த நந்தினி சுந்தரே, சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான சல்வா ஜுடும் இயக்கத்தின் காலத்தில் பழங்குடி மக்கள் முகாம்களுக்குத் துரத்தப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுதாரராக நின்றார். தீர்ப்பு 2011 ஜூலையில் வந்தது.

இந்த நாடுகளின் அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பொதுமக்களைக் கெரில்லா நீந்தும் தண்ணீர் என்று மாவோ வழியில் சொல்வதும், இரு தரப்பும் போட்டியிட்டு வெல்லும் பரிசு என்று பிரெஞ்சு ராணுவச் சிந்தனையாளர் டேவிட் கலுலா வழியில் சொல்வதும் போதாதவை என்று தோன்றுகிறது. அரசியல் ஆய்வாளர் ஸ்டாதிஸ் கலிவாஸ் 2006இல் வெளியிட்ட நூலில், கிரேக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஆர்கோலிட் பகுதிக் கிராமங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பலர் ஒரு தரப்பை ஆதரிப்பதால் அது அங்கே ஆள்வதில்லை, அது அங்கே ஆள்வதால்தான் பலர் ஆதரிக்கிறார்கள் என்று காட்டினார். காட்டிக்கொடுப்புகளில் பல, கொள்கையால் அன்றிச் சொந்தப் பகையால் நேர்ந்தவை. அவரும் மேத்யூ கோச்சரும் தாமஸ் பெபின்ஸ்கியும் சேர்ந்து, வியட்நாமில் அமெரிக்கா குக்கிராமங்களுக்கு மாதந்தோறும் தரம் குறித்த கணினிப் பதிவுகளை மறுஆய்வு செய்து, குண்டு விழுந்த இடங்களில் கட்டுப்பாடு எதிர்த்தரப்புக்கே நகர்ந்தது என்று 2011இல் நிறுவினார்கள். இருப்பினும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. வேலி அகன்ற பிறகும் மலாயாவின் பல புதுக் கிராமங்களில் மக்கள் தங்கிவிட்டதை அச்சத்தால் மட்டும் விளக்க முடியாது. அங்கே மனைப்பட்டாவும் பள்ளியும் சந்தையும் பேசுகின்றன.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறை, அதன் 17ஆம் பிரிவில், உள்நாட்டுப் போரில் பொதுமக்களைக் கட்டாயமாக இடம்பெயர்ப்பதைத் தடைசெய்கிறது. அவர்களின் பாதுகாப்புக்காகவோ தவிர்க்க முடியாத ராணுவக் காரணத்துக்காகவோ என்றால் விலக்கு உண்டு. வெய்லர் முதல் பிரிக்ஸ் வரை எவரும் இந்த விலக்கின் கீழ் தம் ஆணையை எளிதாக நியாயப்படுத்தியிருப்பார்கள். அந்த நெறிமுறையில் இந்தியா சேரவும் இல்லை.

ஆய்வின் பக்கம் மிகப் பெரிய இடைவெளி தமிழில் இருக்கிறது. மலாயா அவசரகாலம் பற்றிய அடிப்படை நூல்கள் பிரிட்டிஷ் ராணுவக் கோப்புகள், தளபதிகளின் நினைவுக் குறிப்புகள், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் பிற்காலத்தில் சொன்ன வரலாறு ஆகியவற்றின்மீது எழுந்தவை. வேலிக்குள் போன தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் என்ன நடந்தது என்பதற்கு அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ போன்ற நாவல்களையே நாம் நாட வேண்டியிருக்கிறது. நாவல் சான்றாகலாம், ஆனால் அது ஒன்றே சான்றாகிவிடக் கூடாது. ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் திறந்து வைத்திருக்கிறது. 1948 முதல் 1960 வரையிலான அந்தப் பக்கங்களில் ஊரடங்கு, ரேஷன், தோட்டக் கைதுகள் பற்றிய செய்திகளைத் தேதிவாரியாகத் தொகுப்பது ஓர் ஆய்வு மாணவரால் செய்யக்கூடிய வேலை. 1950இல் பத்து வயதில் வாயில் வரிசையில் நின்றவர்களுக்கு இன்று வயது எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. பேராக்கிலும் ஜொகூரிலும் கெடாவிலும் பாட்டன் பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆண்டே ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.